செகெட் ஆற்றோரக் கடைத்தெரு

எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாராவது "பட்டணத்துக்குப் போறோம்" என்றால், எந்தப் பட்டணம், எந்தப் பக்கம் என்று மறுகேள்வி இருக்காது. 1970களில் ஊலு திராம் வட்டாரத்து லயங்களில் வளர்ந்த எங்களுக்குப் பட்டணம் என்றால் ஜொகூர் பாரு. ஜொகூர் பாரு என்றால் ஜாலான் வோங் ஆ ஃபூக்கும் அதை ஒட்டிக் கிடக்கும் நாலைந்து தெருக்களும்தான். பள்ளிக்கூடச் சப்பாத்து, தீபாவளித் துணி, கல்யாணப் பட்டு, அடகு வைக்கவேண்டிய தோடு, மீட்கவேண்டிய சங்கிலி, மூக்குக் கண்ணாடி, சினிமா, ரயில் டிக்கெட், ஊருக்குப் பணம் அனுப்புவது, அம்மனுக்கு நேர்ந்துகொண்ட எலுமிச்சை மாலை எல்லாம் அங்கேதான் முடியும். அங்கேயும் கிடைக்காத ஒன்றென்றால் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகவேண்டும். அந்தப் பாலமும் நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தது.

தெரு இன்றும் இருக்கிறது. பெயரும் மாறவில்லை. பழைய கடைவீடுகளில் பல நிற்கின்றன, முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குப் பளிச்சென்று வர்ணம் பூசிக்கொண்டு. வாரத்துக்கு ஒருமுறை வந்து, பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டு, கடன் சொல்லிவிட்டுப் போகிற மனிதர்கள்தான் குறைந்துவிட்டார்கள். ஒரு கடைத்தெரு உயிரோடு இருப்பதற்கு அவர்கள்தான் ஆதாரம் என்று நான் நினைக்கிறேன்.

தெருவுக்குப் பெயர் கொடுத்தவர் ஒரு தச்சர். குவாங்டோங் மாநிலத்துத் தைஷானில் 1837-ல் பிறந்து, 1854-ல் பதினேழு வயதில் சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்த வோங் ஆ ஃபூக், தச்சு வேலையில் தொடங்கிக் கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்தார். அவர் வந்த மறு ஆண்டுதான், 1855-ல், தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் நீரிணைக் கரையில் தஞ்சோங் புத்ரி என்ற குடியிருப்பை உருவாக்கினார். அவர் மகன் அபு பக்கார் 1860களில் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயர் மாற்றினார். 1866-ல் கட்டி முடிந்த இஸ்தானா பெசார் அரண்மனை வோங் ஆ ஃபூக்கின் வேலை. பின்னாளில் செகெட் ஆற்றோரத்தில் அவர் வசம் வந்த நிலத்தில் கடைகளும் வீடுகளும் எழும்பின. 1903-ல் சிங்கப்பூரில் குவோங் யிக் வங்கியைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் அவர்தான். பத்தாண்டுகளில் அந்த வங்கி மூழ்கியது. 1918-ல் அவர் காலமானார். சுத்தியலும் உளியுமாக வந்தவர் பெயரில் ஒரு நகரத்தின் முதன்மைத் தெரு இருப்பது எனக்கு எப்போதும் பெருமையாக இருந்திருக்கிறது. அவரும் எங்கள் தாத்தாக்களைப் போலப் பிழைக்க வந்தவர்தானே.

பக்கத்துத் தெருவுக்குப் பெயர் கொடுத்த தான் ஹியோக் நீ தியோச்சூ சீனர். ஆற்றங்கரைகளில் கம்பீரும் மிளகும் பயிரிடும் உரிமையை ஜொகூர் அரசு 'காங்சூ' என்ற தலைவர்களுக்கு எழுதிக் கொடுத்தது. அப்படி உயர்ந்தவர்களில் மிகப் பெரியவர் அவர். தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் கம்பீருக்கு உலகச் சந்தையில் கிராக்கி இருந்த காலம் அது. அவர் பின்னர் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்து கட்டிய மாளிகை இன்றும் அங்கே நிற்கிறது. கம்பீரின் காலம் முடிந்தது. 1917-ல் காங்சூ முறையையும் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கம்பீர் போன இடத்தில் ரப்பர் வந்தது. ரப்பரோடு நாங்கள் வந்தோம்.

1909-ல் ஜொகூருக்குக் குறுக்கே ரயில் பாதை முடிந்தது. ஜாலான் உங்கு புவானில் ராஜமாரியம்மன் கோயில் எழுந்தது 1911-ல். நீரிணையைக் குறுக்கே மறித்துக் கட்டிய கடற்பாலத்தில் 1923 செப்டம்பரில் சரக்கு ரயில்கள் ஓடத் தொடங்கின. 1924 ஜூன் 28-ல் அது முறைப்படி திறக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான அந்தக் கல் அணை, ஜாலான் வோங் ஆ ஃபூக்கைத் தீபகற்பத்தின் தலைவாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. 1942 ஜனவரி 31-ல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தைத் தகர்த்தபோதுகூட, ஜப்பானியர் அதைச் சீர்செய்து மறுபடி ஓடவிட அதிக நாள் ஆகவில்லை. ரயில் நிலையம், கோயில், பாலம் மூன்றும் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் இருந்ததால்தான் தமிழர்களுக்கு அது வெறும் கடைத்தெருவாக நின்றுவிடவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர் முதலில் தமிழ்க் குரல் கேட்டதும், ஊருக்குத் திரும்புகிறவர் கடைசியாகச் சாமான் வாங்கியதும் அங்கேதான் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை அம்மா பட்டணம் கிளம்புவார். காலையில் பால் வெட்டும் வேலை இல்லாத அந்த ஒரு நாளில் எங்கள் லயமே பஸ் நிறுத்தத்தில் நிற்கும். தலையில் எண்ணெய், நெற்றியில் விபூதி, கையில் பிரம்புக் கூடை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆற்று நாற்றம் முகத்தில் அடிக்கும். செகெட் ஆறு அப்போதே சாக்கடைதான். கறுத்த நீரில் காய்கறிக் கழிவும் மீன் செதிளும் மிதக்கும். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லும்போது இதை மறைத்துவிட்டுச் சொல்லக்கூடாது. அம்மாவின் கூலி குறைவு, வட்டிக்காரர்களின் தொல்லை நிஜம், பட்டணத்தில் நாங்கள் வாங்க முடிந்ததைவிட வேடிக்கை பார்த்ததே அதிகம். ஆனால் அந்த நாற்றத்தைத் தாண்டி அஞ்சடியில் ஏறிவிட்டால் எங்களை எதிர்பார்த்து ஒரு ஊரே இருந்தது.

அஞ்சடி என்றால் கடைவீடுகளின் முகப்பில் மேல்மாடிக்குக் கீழாக ஓடும் நடைபாதை. வெயிலும் மழையும் படாமல் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போகலாம். அதன் தூண்களுக்கு இடையே சாவி செய்பவர், கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர், சப்பாத்து தைப்பவர், தையல் இயந்திரத்தோடு ஒருவர், வெற்றிலைப் பெட்டியோடு ஒரு பாட்டி என்று ஆளுக்கு நாலடி இடம். கடையின் உள்ளே முதலாளியும், மேல்மாடியில் அவர் குடும்பமும் இருந்தார்கள். இரவில் கடை அடைத்த பிறகும் மேலே விளக்கு எரியும், ரேடியோ பாடும். துவைத்த துணி மூங்கில் கழியில் தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். கீழே வியாபாரமும் மேலே குடித்தனமுமாக ஒரே கட்டடத்தில் நடந்ததுதான் அந்தத் தெருவின் பலம்.

எங்களுக்கு வாடிக்கையான துணிக்கடை தமிழ் முஸ்லிம் ஒருவருடையது. உள்ளே நுழைந்ததும் புதுத் துணியின் கஞ்சி வாசம். மூன்று பக்கமும் உத்தரம்வரை துணிச் சுருள்கள். நடுவே தேய்ந்து பளபளத்த நீள மேசை. அதன் விளிம்பில் பித்தளை ஆணி அடித்து கஜக் கணக்கைக் குறித்திருப்பார்கள். அம்மா எதையும் கேட்பதற்கு முன்னாலேயே அவர் சுருளை எடுத்துத் தட்டிவிடுவார். மேசைமேல் அது தடதடவென்று உருண்டு விரியும்.

"என்ன தங்கச்சி, பாப்பா ஒரு சாண் வளந்துருச்சே! போன வருசம் எடுத்த அளவு இப்பப் பத்தாது."

"அதான் பாய் கவலையா இருக்கு. ரெண்டேகால் கஜமா வெட்டுங்க. அகலம் பார்த்துக்கிட்டு மிச்சத்துல தம்பிக்குச் சட்டைப் பை தைச்சுக்கலாம்."

அவர் ஆணிக்கு ஆணி மூன்றுமுறை இழுத்து அளந்து, கடைசி அளவில் விரல் அகலம் விட்டுக்கொடுப்பார். ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு; அப்புறம் இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழிப்பார். பாப்ளின் துணி நூல் பிசகாமல் நேராகக் கிழியும். பிறகு கல்லாவுக்குப் பின்னாலிருந்து நீளமான கொப்பியை எடுப்பார். எங்கள் தோட்டத்தின் பெயர் எழுதிய பகுதியில் குடும்பத்துக்கு ஒரு பக்கம். அம்மா கொடுத்ததை வரவு வைத்து, மீதியைப் பற்று எழுதி, கூட்டிக் காட்டுவார். கையெழுத்து கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா தலையை ஆட்டினால் போதும். அடுத்த சம்பளத்துக்கு அந்தத் தலையசைப்பு தவறாமல் காசாகத் திரும்பி வரும் என்பது இருவருக்கும் தெரியும்.

துணியை எடுத்துக்கொண்டு அஞ்சடித் தையல்காரரிடம் போவோம். என் பாவாடைக்கு அவர் உள்ளே நாலு விரல் மடிப்பு வைத்துத் தைப்பார். அடுத்த ஆண்டு அம்மா ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவார். அதற்கடுத்த ஆண்டு இன்னொன்றை. வெயில் படாமல் உள்ளே இருந்த துணி பிரித்த இடத்தில் மட்டும் புது நிறமாக, ஒரு பட்டையாகத் தெரியும். எங்கள் வரிசைப் பெண் பிள்ளைகள் எல்லாருடைய பாவாடையிலும் அந்தப் பட்டைகள் இருந்ததால் யாருக்கும் கூச்சம் இல்லை.

வேலை முடிந்ததும் ராஜமாரியம்மன் கோயில். அதன் சுற்றுவட்டாரத்தையும் சொல்லவேண்டும். ஜாலான் துருஸில் 1870களிலேயே வேரூன்றிய ஜொகூர் பழைய சீனக் கோயில், அதே தெருவில் சீக்கியர்களின் குருத்துவாரா, எங்கள் மாரியம்மன், ஜாலான் டியூக்கில் இந்திய முஸ்லிம்களின் மசூதி. சில நிமிட நடையில் நான்கு வழிபாட்டு இடங்கள். தியோச்சூ, ஹொக்கியேன், காண்டனீஸ், ஹக்கா, ஹைனானியர் என்று ஐந்து சீனச் சமூகங்கள் அந்தச் சீனக் கோயில் ஒன்றிலேயே ஆளுக்கொரு தெய்வத்தை வைத்து வழிபடுகின்றன. சீனப் புத்தாண்டின் முதல் மாதத்தில் அந்த ஐந்து தெய்வங்களும் நகர வீதிகளில் ஊர்வலம் போகும் சிங்கே திருவிழாவைப் பார்க்கத் தோட்டத்திலிருந்து அப்பா எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். யாரும் ஒற்றுமை என்று மேடை போட்டுப் பேசவில்லை. ஒரே தெருவில் பிழைத்தவர்கள் ஒருவர் சாமிக்கு இன்னொருவர் வழிவிட்டார்கள்.

அந்தத் தெருவை மாற்றியவற்றில் முதலாவது பணம். 1973 மே மாதம்வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாகச் செல்லுபடியாயின. எந்த நாட்டு நோட்டு என்று பார்க்காமலே கடைக்காரர் வாங்கிக் கல்லாவில் போடுவார். அந்த ஏற்பாடு முடிந்த பிறகும் 1970களின் இறுதிவரை இரண்டின் மதிப்பும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. 1980களில் விலக ஆரம்பித்த இடைவெளி 1997-98 ஆசிய நிதி நெருக்கடியில் பள்ளமாகிவிட்டது. 1998 செப்டம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று அரசு கட்டிப்போட்டது. 2005 ஜூலையில் கட்டை அவிழ்த்தது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல்.

கடைத்தெருவில் இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை அங்கே வாடகை கட்டுகிறவர்கள் அறிவார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சம்பளம் இந்தப் பக்கத்தில் மூன்று மடங்காகச் செலவாகும் இடத்தில், எந்தக் கடைக்காரரும் அந்தச் சம்பளக்காரரைத்தான் எதிர்பார்ப்பார். பாப்ளின் விற்ற இடத்தில் பணமாற்றுக் கடை வந்தது. சப்பாத்து தைத்த இடத்தில் மசாஜ் நிலையம் வந்தது. மூக்குக் கண்ணாடிக் கடைகள், பல் மருத்துவமனைகள், மருந்துக் கடைகள், முடிதிருத்தும் நிலையங்கள் எல்லாம் இன்னொரு நாட்டு நாணயத்தில் யோசிக்கும் வாடிக்கையாளரைப் பார்த்து நிற்கின்றன. அந்த வாடிக்கையாளர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்குவது யாருக்கும் இயல்பு. ஆனால் உள்ளூர்ச் சம்பளக்காரர், தன் ஊர்க் கடைத்தெருவில் விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்துபோகிற நிலை வந்துவிட்டதே, அது சரியில்லை.

இரண்டாவது, தோட்டங்கள் கலைந்தது. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். செம்பனையை வெட்டி வீடுகளைக் கட்டினார்கள். மவுண்ட் ஆஸ்டின் என்றால் எங்கள் காலத்தில் தோட்டம். இன்று அது உணவகங்களும் மாடி வீடுகளும் நிறைந்த புறநகர். லயத்து மக்கள் ஜொகூர் ஜெயா, மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் என்று சிதறினார்கள். சிதறிய இடத்திலெல்லாம் பேரங்காடிகள் வந்தன. குளிர்சாதனமும் கார் நிறுத்த இடமும் வந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பட்டணப் பயணம் ஒரு தலைமுறைக்குள் முடிந்துபோனது. கடைத்தெருவின் நடுவிலேயே 1990களின் இறுதியில் சிட்டி ஸ்குவேர் எழுந்தது. பெரிய வளாகங்கள் மக்களை அஞ்சடியிலிருந்து உறிஞ்சி உள்ளே கொண்டுபோயின.

மூன்றாவது, எல்லை. 1965-ல் சிங்கப்பூர் பிரிந்தது. 1967-ல் கடவுச்சீட்டுச் சோதனை வந்தது. இருந்தும் பழைய சுங்கச் சாவடியைத் தாண்டியவர் நேராகத் தெருவில்தான் கால் வைத்தார். 2008 டிசம்பரில் சுல்தான் இஸ்கந்தர் கட்டடம் திறந்தபோது அந்த நேர்வழி போய், மேம்பாலங்களும் உயர்நடைபாதைகளும் வந்தன. 2010-ல் பக்கத்தில் ஜேபி செண்ட்ரல் ரயில் நிலையம் திறந்தது. பழைய நிலையம் ஓய்ந்தது. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி ரயிலைச் சுல்தான் இப்ராஹிமே ஓட்டி வந்தார். இப்போது வருகிறவர்கள் குடிநுழைவிலிருந்து பாலத்தின்மீது நடந்து வணிக வளாகத்துக்குள் நுழைந்து, வாங்கி, சாப்பிட்டு, அதே வழியில் திரும்பிவிடலாம். தெருவில் கால் படவேண்டிய அவசியமே இல்லை. புக்கிட் சாகாரில் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பும் இடிக்கப்பட்டது. ஒரு கடைத்தெருவுக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்திய பிறகு, அங்கே மாலையில் காய்கறி வாங்க யார் வருவார்கள்?

சென்ற தீபாவளிக்கு முன் மகளோடு தெருவின் ஒரு கோடியிலிருந்து நடந்தேன். துணிக்கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். அஞ்சடித் தூண் இருக்கிறது, தையல்காரர் இல்லை. மேல்மாடிகளில் பாதிக்கு மேல் சன்னல்கள் சாத்திக் கிடக்கின்றன. சிலவற்றின் சுவரிலிருந்து ஆலங்கன்று முளைத்திருக்கிறது. ஆற்றை 2000களில் மேலே மூடிவிட்டு நடைபாதை போட்டார்கள். மூடினால் நாற்றம் போகும் என்று நினைத்தார்கள், போகவில்லை. பின்னர் பெரும் செலவில் அதை மறுபடி திறந்து, தண்ணீரைச் சுத்திகரித்து, கரையைச் செப்பனிட்டார்கள். நான் சிறுமியாக இருந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்த இடத்தில் இப்போது பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை எட்டிப் பார்க்கிறார்கள். அன்றைக்கு இல்லாத நல்லது இது. மனமாரச் சொல்கிறேன்.

ஜாலான் தான் ஹியோக் நீ முழுக்கவே மாறிவிட்டது. சுவரோவியங்கள், காப்பிக் கடைகள், 2009-ல் திறந்த சீனப் பாரம்பரிய அருங்காட்சியகம், தோளில் கேமரா மாட்டிய இளைஞர்கள். இவற்றுக்கு நடுவே 1919 முதல் நடக்கும் ஹியாப் ஜூ ரொட்டிக்கடை இன்னும் விறகு அடுப்பில்தான் சுடுகிறது. உள்ளே பார்த்தால் செங்கல் அடுப்பின் வாய் கரிந்து கறுத்திருக்கிறது. நீளக் கம்புத் தட்டால் ஒருவர் பலகாரத் தட்டுகளை உள்ளே தள்ளுகிறார். அடுப்பின் எந்த மூலையில் சூடு கூடுதல், எந்த மூலையில் குறைவு என்பது அவர் கைக்குத் தெரிகிறது. வெந்த வாழைப்பழக் கேக்கின் மணம் வெளியே வரிசைவரை வருகிறது. இரண்டு தெரு தள்ளி, ஜாலான் டோபியில், 1937-ல் தொடங்கிய இந்திய முஸ்லிம் குடும்பத்தின் சலாஹுதீன் பேக்கரி. அங்கேயும் விறகு அடுப்புதான். அதே ரொட்டி, அதே கறி பஃப். வரிசையில் நிற்பவர்களில் வெளியூர்க்காரர்களும் உண்டு, ஐம்பது வருடமாக அங்கேயே வாங்குகிறவர்களும் உண்டு. தெரு எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டால் நான் அந்த வரிசையைத்தான் காட்டுவேன். அங்கே இன்னும் தொழில் நடக்கிறது. சாமானைச் செய்கிற இடமும் விற்கிற இடமும் ஒன்றாகவே இருக்கின்றன. விலை உள்ளூர்ச் சம்பளத்துக்கு எட்டுகிறது.

ஜாலான் உங்கு புவானிலும் அந்த உயிர் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. தீபாவளிக்கு முன் வாரங்களில் அங்கே பந்தல் கடைகள் நிறைந்துவிடும். பூக்கடையில் ஓர் இளைஞர் இடக்கை விரல்களில் நாரைச் சுற்றிக்கொண்டு, வலக்கையால் மல்லிகையை இரண்டிரண்டாக வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கண் பூவில் இல்லை, என் மகளோடு பேச்சில் இருந்தது. விரல்கள் தாமாகவே ஓடின.

"ஊர் எது தம்பி?" என்றேன்.

"சிவகங்கைப் பக்கம்க்கா. வந்து மூணு வருசமாச்சு."

"ஊருக்குப் போனியா?"

"தங்கச்சி கல்யாணத்துக்குப் போகணும்க்கா. அதுக்குத்தான் சேர்த்துக்கிட்டிருக்கேன்."

என் தாத்தாவும் இதே காரணத்துக்குத்தான் கப்பலேறினார். கடைகளில் பார்த்தால் நேப்பாளம், பங்களாதேஷ், மியன்மார், இந்தோனேசியா என்று பல ஊர்ப் பிள்ளைகள். தச்சர் வோங் ஆ ஃபூக் தொடங்கியதை இன்று நடத்துகிறவர்களும் பிழைக்க வந்தவர்களே. அவர்களும் இந்தத் தெருவின் சொந்தக்காரர்கள் என்று ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை, முன்னால் வந்து வேரூன்றிவிட்ட நமக்கு வரவேண்டும்.

கோவிட் காலம் ஒரு பாடம் சொல்லிவிட்டுப் போனது. 2020 மார்ச் 18-ல் எல்லை மூடியது. நில எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ல். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அந்தப் பக்கத்துக்காரரை மட்டுமே நம்பியிருந்த கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவை இழுத்து மூடின. வாடகைக்கு என்ற அட்டை தொங்காத வரிசையே இல்லை. அப்போதும் ரொட்டிக்கடை அடுப்பு எரிந்தது. கோயில் வாசலில் பூ விற்றது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடை பொட்டலம் கட்டியது. உள்ளூர் மக்களின் அன்றாடத் தேவைக்கு இடம் வைத்திருந்த கடைகள் தாக்குப்பிடித்தன. அந்த இரண்டு ஆண்டுகளை நேரில் பார்த்த பிறகும், தெருவின் எதிர்காலத்தை எல்லை தாண்டி வருகிறவரின் பணப்பையிலேயே கட்டிவைப்பது விவேகம் ஆகாது.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நான்கு கிலோமீட்டர் விரைவு ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரைக் கொண்டுபோகும் திட்டம். பயணம் ஐந்து நிமிடம். 2026 முடிவுக்குள் ஓடத் தொடங்கவேண்டும் என்பது இலக்கு. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மோட்டார்சைக்கிளில் பாலத்து நெரிசலில் மழையில் நனைகிற எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ரயில் வரம்தான். அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் ரயில் நிலையத்தின் காலடியில் இருப்பது இந்தக் கடைத்தெரு. வாடகை இன்னும் ஏறும். இடிப்பதற்கும் வளைப்பதற்கும் ஆட்கள் வருவார்கள். இன்று எடுக்கிற முடிவு அடுத்த ஐம்பது ஆண்டுக்கு நிற்கும்.

மாநகர் மன்றமும் கட்டட உரிமையாளர்களும் செய்யக்கூடியவை தெளிவாகவே இருக்கின்றன. பழைய கடைவீடுகளின் முகப்பைக் காப்பாற்றும் அக்கறையில் பாதியாவது உள்ளே நடக்கும் தொழிலுக்கும் வேண்டும். இருபது, முப்பது ஆண்டுகளாக ஒரே தொழிலை நடத்துகிறவருக்கு மதிப்பீட்டு வரியில் சலுகை கொடுத்து, அந்தப் பயன் வாடகையில் குறைவாக அவரைச் சேரும்படி பார்க்கலாம். சாத்திக் கிடக்கும் மேல்மாடிகளைப் பழுது பார்த்துக் குடியிருக்கத் தரலாம். ரயிலில் வேலைக்குப் போய் வரும் இளம் குடும்பங்களுக்கு அதைவிட நல்ல இடம் எது? அஞ்சடியில் ஒரு சாவிக்காரருக்கும் ஒரு தையல்காரருக்கும் நாலடி இடம் முறைப்படி ஒதுக்கலாம். புதிய நிலையத்தின் வாசலை வணிக வளாகத்துக்குள் மட்டும் திறக்காமல் தெருவுக்கும் திறக்கவேண்டும்.

நாம் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. ஜொகூர் ஜெயாவிலும் மாசாயிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள், வருடத்தில் ஒரு தீபாவளிக்காவது, பேரங்காடிக்குப் போகிற காரை ஜாலான் உங்கு புவான் பக்கம் திருப்பலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அஞ்சடியில் நடந்து, பூக்கடையில் பேசி, கோயிலில் கும்பிட்டு, ரொட்டிக்கடை வரிசையில் நின்று வாங்கலாம். என் மகள் அன்றைக்குத் தன் பிள்ளைக்குப் பாவாடைத் துணி எடுத்தாள். கடைக்காரர் இளைஞர், எங்களை முன்பின் அறியாதவர். விலை பேசி, வெட்டி, மடித்துக் கொடுத்தபோது, "அடுத்த வருசமும் வாங்கக்கா, அளவு கொப்பியில எழுதி வச்சுக்கிறேன்" என்றார். வருவோம் என்று சொல்லியிருக்கிறோம். அந்தச் சொல்லைக் காப்பாற்ற நாங்கள் தயார். நாங்கள் திரும்பி வரும்போது அவர் அதே கடையில், கட்டக்கூடிய வாடகையில் இருக்கவேண்டும். அதை உறுதிசெய்யும் பொறுப்பு இந்த நகரத்தை ஆளுகிறவர்களுடையது.